சத்தமில்லாமல் வழுக்கும் தட்டு

கனடாவின் வான்கூவர் தீவில் பாறையில் பதித்திருக்கும் ஜிபிஎஸ் கருவிகள் வருஷம் முழுக்க மெல்ல மெல்ல வடகிழக்கே நகர்கின்றன. கடலடியிலிருந்து வரும் ஹுவான் டி ஃபூக்கா புவித்தட்டு, வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே நுழையும்போது மேலே உள்ள நிலத்தையும் சேர்த்துத் தள்ளுகிறது. ஆனால் 1999 கோடையில் அந்தத் தீவிலும் அதன் அருகிலும் இருந்த ஏழு கருவிகள் திசை மாறி, கடல் பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்ந்தன. நிலம் குலுங்கவே இல்லை.

ஆய்வாளர் ஹெர்ப் டிராகர்ட்டின் குழு 2001-இல் இதற்கு விளக்கம் சொன்னது. 300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டுகளின் ஆழ்ந்த எல்லை சுமார் 2 சென்டிமீட்டர் வழுக்கியிருந்தது. ஒரேயடியாக நடந்திருந்தால் அது 6.7 அளவு நிலநடுக்கமாக இருந்திருக்கும். நாள்கணக்கில் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஜப்பானில் கசுஷிகே ஒபாரா என்ற ஆய்வாளர் இன்னொன்றைப் பிடித்தார். நிலநடுக்கமானியின் கோடு மணிக்கணக்கில் லேசாகத் தடித்துக்கொண்டே போகும். நிலநடுக்கத்தில் வரும் கூர்மையான தொடக்கம் இருக்காது. காற்றின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் தள்ளித் தள்ளி இருந்த கருவிகளில் அதே தடிப்பு ஒரே சமயத்தில் வந்தது. இரைச்சல் அப்படி வராது. ஆழத்தில் எழுந்த அதிர்வு அது. 2003-இல் கேரி ராஜர்ஸ் என்ற ஆய்வாளரும் டிராகர்ட்டும் வான்கூவர் தீவில் வழுக்கலையும் அதிர்வையும் ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய 14 மாதத்துக்கு ஒருமுறை வழுக்கல் வரும்போதெல்லாம் அதிர்வும் கூடவே வந்தது. வழுக்கும் பரப்பில் அங்கங்கே நடக்கும் சின்னஞ்சிறு நிலநடுக்கங்களின் திரள்தான் இந்த அதிர்வு என்று பின்னால் ஜப்பானியத் தரவுகள் காட்டின.

அழுத்தம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அந்த நிம்மதிக்கு இடமில்லை. வழுக்குவது ஆழ்ந்த பகுதி; பெரிய நிலநடுக்கம் பிறக்கும் மேல்பகுதி, 1700 ஜனவரியில் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு இறுகிக் கிடக்கிறது. சப்பரம் தூக்குகிறவர்களில் பின்னால் நிற்பவர்கள் தோளை இறக்கினால் பாரம் முன்னால் நிற்பவர்கள் மேல் ஏறும். ஒவ்வொரு வழுக்கலும் அப்படித்தான் மேல்பகுதியின் சுமையைக் கூட்டுகிறது.

2011-இல் ஜப்பானின் தோஹோகு, 2014-இல் சிலியின் இக்கிக்கே: இரண்டு பெரிய நிலநடுக்கங்களுக்கும் முன்னால் மெதுவான வழுக்கல் நடந்ததற்குத் தடயம் உண்டு. ஆனால் வான்கூவர் தீவுக்கடியில் எத்தனையோ முறை வழுக்கியும் பெரிய நடுக்கம் வரவில்லை. ஆகவே வழுக்கலை மட்டும் வைத்து நாள் குறிக்க முடியாது. எது கடந்துபோகும், எது இறுகிய பகுதியை உடைக்கும் என்று பிரித்தறிய அந்தப் பகுதிக்கு அருகிலேயே அளக்க வேண்டும். அதுவோ பெரும்பாலும் கடலுக்கடியில். 2011-க்குப் பிறகு ஜப்பான் தன் கிழக்குக் கடலடியில் 150 இடங்களில் கருவி வைத்துக் கேபிளால் இணைத்துவிட்டது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அந்த அடர்த்தி இன்னும் வரவில்லை. சியாட்டில், வான்கூவர் நகரங்கள் இருக்கும் கரை அது. இந்தச் செலவைத் தள்ளிப்போடுவது நியாயமே இல்லை.