ஒரே குவார்டெட்டுக்கு எதற்கு இத்தனை பதிவுகள்?

வெள்ளிக்கிழமை மாலை கொச்சியின் வைட்டிலா மொபிலிட்டி ஹப்பில் தமிழ் காதில் விழாமல் இருக்காது. காக்கநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வாட்டர் மெட்ரோவில் வந்து இறங்கி, கோயமுத்தூர், மதுரை பஸ்ஸுக்காக நிற்பார்கள். அப்படிப் பழக்கமான ஒரு தம்பி, சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணா, இந்த ஷூபெர்ட் குவார்டெட் எழுதி வெச்ச நோட்ஸ்தானே? எல்லாரும் அதைத்தானே வாசிக்கிறாங்க? அப்புறம் எதுக்கு இத்தனை ரெக்கார்டிங்? நான் எதைக் கேக்கறது?"

பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அவருக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன்.

முதலில், இந்த ஓசை நமக்கு அந்நியமானது இல்லை. 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' ஆல்பத்தைக் கேசட் தேயத் தேயக் கேட்டவர்கள் நம்மில் ஏராளம். தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கிய அந்த ஆல்பத்தில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அவர்தான் 1993-ல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கினார். இரண்டாம் வயலின் மோகன் ராவ், வயோலா பி.ஜே. சந்திரன், செல்லோ வி.ஆர். சேகர். எல்லாரும் சென்னை சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் ஊறியவர்கள். கீர்த்தனை முதல் வயலினில் நடக்கும், மற்ற மூன்றும் அதற்குக் கீழே தங்கள் தங்கள் வழியில் நடக்கும். அந்தப் பதிவுகளில் ஒன்றைக் கேட்டிருந்தால், குவார்டெட் கேட்கத் தேவையான காது உங்களுக்குப் பாதி வந்துவிட்டது.

காலத்தாலும் இந்தக் குவார்டெட்டுகள் நமக்குத் தூரமில்லை. திருவாங்கூர் அரண்மனையில் சுவாதித் திருநாள், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தது 1834-ல். அப்போது ஷூபெர்ட் இறந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ஷூமன் தம் மூன்று குவார்டெட்டுகளையும் ஒரே கோடையில் எழுதிய 1842-ஆம் ஆண்டுதான், பிறகு மியூசி மியூசிக்கல் என்று பெயர் பெற்ற இசைக்கருவிக் கடை சென்னையில் தொடங்கியது. மெண்டல்சன் தம் கடைசிக் குவார்டெட்டை எழுதியதும் தியாகராஜர் சமாதியானதும் 1847. இந்த வருடங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ரொமாண்டிக் காலம் என்று நாம் எங்கோ தள்ளி வைத்திருப்பது, நம் மும்மூர்த்திகளின் கடைசிக் காலத்தோடு ஒட்டிப் பிறந்தது.

இப்போது தம்பியின் கேள்வி. குவார்டெட்டில் நாலே பேர். தாளம் போட ஆள் இல்லை, கண்டக்டர் இல்லை. மூச்சை இழுக்கும் விதத்தில், வில்லைத் தூக்கும் விதத்தில் ஒருவருக்கொருவர் ஜாடை காட்டிக்கொள்வார்கள். ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வரியைப் பத்துப் பன்னிரண்டு வயலின் சேர்ந்து வாசிக்கும், ஒருவருடைய கை தனியாகத் தெரியாது. இங்கே ஒரு வரிக்கு ஒரே ஆள். காகிதத்தில் ஸ்வரம் இருக்கிறது, அதன் அளவு இருக்கிறது, உரக்கவா மெதுவாகவா என்ற குறி இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு எப்படிப் போவது, இந்த இடத்தில் வயோலா முன்னே வரலாமா, மௌனத்தை எவ்வளவு நேரம் தாங்குவது என்பதெல்லாம் அதில் இல்லை. அதை அந்த நாலு பேரும்தான் முடிவு செய்யவேண்டும். பதிவுக்குப் பதிவு மாறுவது அந்த முடிவுகள்.

ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஷூபெர்ட் 1824-ல் எழுதிய டி மைனர் குவார்டெட், 'மரணமும் கன்னியும்' என்று பெயர் பெற்றது. அப்போது அவருக்கு 27 வயது. தீராத நோய் பிடித்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. அடுத்த நாலு வருடத்தில் போய்விட்டார், குவார்டெட் அச்சானது 1831-ல். இதன் இரண்டாம் பகுதிக்கு, தாம் 1817-ல் எழுதிய ஒரு பாட்டின் இசையையே எடுத்துக்கொண்டார். முதல் தடவை கேட்பவருக்கு அதில் மெட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். நாலு வாத்தியமும் சேர்ந்து, கிட்டத்தட்ட ஒரே ஸ்வரத்தில் நின்று, ஒரு நெடில் இரண்டு குறில், ஒரு நெடில் இரண்டு குறில் என்று போகும். பாடையோடு போகிற கால்களின் நடை அது.

இதற்குப் பிறகு ஐந்து மாறுபாடுகள் வரும். நமக்குச் சங்கதி பழக்கம் என்பதால் இது எளிதில் பிடிபடும், ஒரு வித்தியாசத்தோடு. சங்கதியில் வரியே வளரும். இங்கே சட்டகம் மாறாமல் நிற்க, அதை யார் சுமக்கிறார் என்பது மாறும். முதல் மாறுபாட்டில் செல்லோ வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டும், நடுவில் இருவர் துடிப்பாக ஓட, மேலே முதல் வயலின் விசும்பும். இரண்டாவதில் செல்லோ தன் உயர்ந்த ஸ்தாயிக்கு ஏறி மெட்டைப் பாடும். மூன்றாவதில் அதே நெடில் குறில் நடை சுருங்கிக் குதிரைப் பாய்ச்சலாகும். நாலாவது ஜி மேஜருக்குத் திரும்பி வெளிச்சம் காட்டும். ஐந்தாவதில் மெட்டு இரண்டாம் வயலினிடம் போகும். நம்மில் யாரும் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்த இரண்டாம் வயலின்காரரை அங்கே கவனியுங்கள். ஒரு குவார்டெட்டின் தரத்தை நான் அவரை வைத்துத்தான் எடைபோடுவேன்.

இதற்கு 1936-ல் லண்டனில் எச்.எம்.வி.க்காக புஷ் குவார்டெட் செய்த பதிவு ஒன்று உண்டு. அடால்ஃப் புஷ் முதல் வயலின், கோஸ்டா ஆண்ட்ரியாசன் இரண்டாம் வயலின், கார்ல் டாக்டர் வயோலா, அடால்ஃபின் தம்பி ஹெர்மன் செல்லோ. புஷ் யூதர் இல்லை. ஆனாலும் ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-லேயே இனி ஜெர்மனியில் வாசிப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டவர். அந்தப் பதிவில் இரைச்சல் இருக்கிறது, ஒலி மோனோதான். புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுக்கிறேன். தெளிவான ஸ்டீரியோ பதிவுகள் இருக்க இது எதற்கு என்று கேட்பார்கள். காரணம் ஜாரு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் நம் கமகம்.

வயலினில் இடதுகை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அதே தந்தியில் நகரும்போது, விரல் வழுக்குவதைக் காதில் விழ விடலாம், விழாமல் மறைக்கவும் செய்யலாம். அந்த வழுக்கலுக்கு அங்கே போர்ட்டமென்டோ என்று பெயர். 1920, 30-களின் பதிவுகளில் இது தாராளமாகக் கேட்கும். உலகப் போருக்குப் பிறகு அது குறைந்தது. ஸ்வரம் ஸ்வரமாகச் சுத்தமாகப் பிரிந்தது, ஒவ்வொன்றிலும் விடாத வைப்ரட்டோ, அதாவது விரலை ஆட்டி ஸ்வரத்தை அதிரவிடுவது, ஏறியது. இன்று பழைய பதிவைக் கேட்கும் ஐரோப்பியர் பலருக்கு அந்த வழுக்கல் மிகையாகப் படுகிறது. நமக்கு அப்படிப் படாது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில்தான் பாட்டு இருக்கிறது என்று பழகிய காது நம்முடையது. நம் ஜாரு ராகத்தின் இலக்கணத்துக்குள் வரும், அவர்களுடையது வாசிப்பவரின் விருப்பம். இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஆனால் புஷ் முதல் மாறுபாட்டில் மேலே எட்டிப் பிடிக்கும் அந்த இடங்கள், கமகம் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு விளக்கம் இல்லாமலே உள்ளே இறங்கும். ரொமாண்டிக் குவார்டெட்டுக்குத் தமிழ்க் காதுக்கு ஏற்ற வாசல் இந்தப் பழைய தட்டுகள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தத் தட்டுகள் பிறந்த விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடமும் கொஞ்சமும்தான் கொள்ளும். ஷூபெர்ட்டின் இரண்டாம் பகுதி மட்டுமே அதைப் போலச் சில மடங்கு நீளம். ஆகவே நடுவில் நிறுத்தி, அடுத்த மெழுகுத் தட்டு வைத்ததும், விட்ட இடத்தில் அதே மனநிலையோடு பிடிக்கவேண்டும். மெழுகைப் போட்டுக் கேட்டுப் பார்த்தால் அது கெட்டுவிடும். தவறு நேர்ந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப வாசிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 1925-ல் மின்சார மைக் வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். ஒலியை வாங்கும் புனலுக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசிப்பார்கள், செல்லோவின் அடி ஸ்வரங்கள் தட்டில் சரியாக விழாது. இசையமைப்பாளர் பிராம்ஸின் ஆத்ம நண்பர் யோசஃப் யோவாகிம் 1903-ல், 72 வயதில், தனி வயலினாகச் சில தட்டுகள் கொடுத்தார். பிராம்ஸ் நேரில் கேட்ட அவருடைய குவார்டெட் பதிவாகவே இல்லை. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

1948-ல் எல்பி வந்தது, காந்த நாடாவும் வந்தது. பல டேக்குகளிலிருந்து நல்ல துண்டுகளை வெட்டி ஒட்டலாம் என்றானது. அதனால் சுத்தம் கூடியது. பிறகு ஸ்டீரியோ வந்து நாலு பேரையும் இடம் வலமாகப் பிரித்து உட்கார வைத்தது. உள்குரல்களைக் கற்றுக்கொள்ள அதைப்போல் உதவி வேறில்லை. போரோதின் 1881-ல் எழுதிய இரண்டாம் குவார்டெட்டை, மாஸ்கோவில் அவர் பெயரிலேயே இயங்கிய போரோதின் குவார்டெட் 1962-ல் டெக்காவுக்கு வாசித்த பதிவில் கேளுங்கள். மூன்றாம் பகுதியில் செல்லோ பாடிவிட்டு மெட்டை முதல் வயலினிடம் கொடுக்கும். ஷூபெர்ட்டுக்குப் புஷ் முடிந்ததும் தகாச் குவார்டெட்டின் 2006-ஆம் ஆண்டுப் பதிவுக்கு வாருங்கள். அங்கே வயோலா என்ன சொல்கிறது என்பது ஒரு ஸ்வரம் விடாமல் விளங்கும்.

ஒரு நடைமுறை விஷயம். இதையெல்லாம் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். செல்லோவின் அடித் தந்தி 65 ஹெர்ட்ஸ் அளவில் பேசுகிறது, போனின் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. மேலே மூன்று பேர் வாசிப்பதை மட்டும் கேட்டுவிட்டுக் குவார்டெட் மெலிந்த இசை என்று முடிவுகட்டிவிடுவோம். வைட்டிலா சந்திப்பின் ஹாரன் சத்தத்தில், ஷூபெர்ட்டின் இரண்டாம் பகுதி தொடங்கியதே தெரியாமல் போகும். நல்ல ஹெட்போனோடு, இரவில் கேளுங்கள். தேடிப் பிடிப்பதும் கஷ்டமில்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டுதான், போருக்கு முந்தைய தட்டுகள் எல்லாம் இப்போது பொதுச் சொத்து.

அடுத்து இசையமைப்பாளர் ஸ்மெடனாவின் 'என் வாழ்விலிருந்து'. 1874-ல் அவருக்குக் காது முற்றிலும் போனது, 1876-ல் இந்தக் குவார்டெட்டை எழுதினார். தொடக்கத்தில் பெரிய குரல் வயோலாவுக்கு. 1878-ல் பிராகில் நண்பர்கள் கூடி முதலில் வாசித்தபோது அந்த வயோலாவைப் பிடித்தவர் இசையமைப்பாளர் த்வோர்ஷாக். கடைசிப் பகுதி கொண்டாட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றுவிடும். கீழே மூன்று வாத்தியமும் நடுங்க, மேலே முதல் வயலினில் மிக உயர்ந்த ஒரே ஸ்வரம், ஈ, நீண்டு நிற்கும். செவிடாவதற்கு முன் தம் காதுக்குள் கேட்ட சீழ்க்கை அதுதான் என்று ஸ்மெடனாவே எழுதியிருக்கிறார்.

இதை 1928-ல் பொஹிமியன் குவார்டெட் பதிவு செய்தது. அதில் இரண்டாம் வயலின் யோசஃப் சுக், த்வோர்ஷாக்கின் மருமகன். அதைக் கேட்டுவிட்டு, ஸ்மெடனா குவார்டெட் என்ற குழுவின் பதிவு ஒன்றைக் கேளுங்கள். பிறகு பாவெல் ஹாஸ் குவார்டெட் 2015-ல் வெளியிட்டது. மூன்றிலும் தொடக்க வயோலா எங்கே வழுக்குகிறது, எங்கே வழுக்காமல் தாண்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஈ ஸ்வரத்துக்கு வாருங்கள். அது ஆடாமல் ஊசிபோல் நிற்கிறதா, வைப்ரட்டோ போட்டுப் பாடுகிறதா, கீழே நடுங்கும் மூவரும் அதை மூடிவிடுகிறார்களா, விலகி நிற்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு ஆடாமல் நிற்பதுதான் சரியாகப் படுகிறது, நோயின் ஓசைக்கு அலங்காரம் எதற்கு? மாறாக நினைக்கும் நல்ல வித்வான்களும் இருக்கலாம். மூன்றையும் கேட்டுவிட்டு உங்களுக்கு எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்.