அட்சதை விழும்போது டி.வி.யைப் பாருங்கள்!

1985-க்கும் 2000-க்கும் நடுவில் கல்யாணம் செய்துகொண்ட அப்பா, சித்தப்பா, மாமா யாரையாவது கேட்டுப் பாருங்கள். பரணில் பித்தளை அண்டாவுக்கும் ஓடாத டேபிள் ஃபேனுக்கும் நடுவே ஒரு கறுப்பு வி.ஹெச்.எஸ். கேசட் படுத்திருக்கும். மேலே பிள்ளையார் ஸ்டிக்கர். உள்ளே மாப்பிள்ளை தாமரைப் பூவிலிருந்து எட்டிப் பார்ப்பார். மணப்பெண் ஓர் இதயத்துக்குள் உட்கார்ந்தபடி திரையின் வலது மூலையிலிருந்து பறந்து வருவார். பந்தியில் சாம்பார் சாதம் வாயருகே போகிற நேரம் பார்த்து வீடியோ லைட் முகத்தில் அடிக்கும். சாப்பிடுகிறவர் பாதி வாயைத் திறந்தபடி உறைந்து போவார்.

என் ஆபீசில் இந்த கேசட்டுகளுக்கெல்லாம் நான்தான் வைத்தியர். என்னிடம் ஓடுகிற வி.சி.ஆர். ஒன்றும், செகண்ட்ஹேண்டில் வாங்கிய டி.வி.டி. ரிகார்டர் மூன்றும் இருப்பது எப்படியோ தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸோடு ஒரு கேசட்டும் வந்துவிடும்.

"ஸார், அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துல அவரோட முதல் கல்யாணத்தைப் போட்டுக் காட்டணும்..."

(முதல் கல்யாணம் என்றால் அம்மாவோடு நடந்ததுதான். பதறாதீர்கள்.)

அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "மலிவா ஒரு ரிகார்டர் வருது ஸார். வாங்கலாமா? படம் நல்லா இருக்குமா?"

வாங்கலாமா என்பது உங்கள் பர்ஸ் விஷயம். படம் நல்லா இருக்குமா என்று பார்க்க மட்டும் வழி சொல்கிறேன்.

டி.வி.டி. ரிகார்டர் என்கிற ஜந்து வீட்டு உபயோகத்துக்கு வந்தது 1999 டிசம்பரில், ஜப்பானில், பயனியர் கம்பெனி மூலம். அடுத்த சில வருஷங்களில் விலை மளமளவென்று இறங்கியது. பெயர் வாயில் நுழையாத கம்பெனிகளெல்லாம் செய்து தள்ளின. பிறகு ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், செல்போன் என்று வந்து அதன் மவுசு போயிற்று. வி.சி.ஆர். கதையும் அதேதான். கடைசிவரை தாக்குப்பிடித்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஆக, இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொருவர் வீட்டு ஹாலில் குடியிருந்துவிட்டு வந்த மெஷின்தான்.

பழைய சாமான் கடையில் என்ன செய்வார்கள்? ஏதாவது ஒரு சினிமா டிஸ்கைப் போடுவார்கள். கலர் பளபளவென்று வரும். "பாத்தீங்களா சார், கண்ணாடி மாதிரி!" ஏமாந்துவிடாதீர்கள். ரிகார்டருக்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் படிக்கிறவர், இன்னொருவர் எழுதுகிறவர். கடைக்காரர் காட்டியது படிக்கிறவரின் சாமர்த்தியம். அது எந்த மட்டமான மெஷினிலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். நமக்கு வேண்டியது எழுதுகிறவர்.

சினிமா டிஸ்க் தயாரிக்கிறவர்கள் படத்தை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, எந்தக் காட்சிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுவார்கள். எத்தனை இலை விழும் என்று தெரிந்துகொண்டு உலை வைக்கிற சமையல்காரர் மாதிரி. ரிகார்டருக்கு அந்த வசதி கிடையாது. பந்தியில் ஆள் உட்கார உட்கார வடித்துக் கொட்ட வேண்டும். திடீரென்று ஐம்பது பேர் வந்துவிட்டால்? அங்கேதான் கை நடுங்கும்.

கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எல்.டி.சி. கிளெய்ம் ஃபாரத்தை விட சுலபம். நம் ஊர் பால் முறை (காபியில் ஊற்றுவது அல்ல) படத்தில் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படம். அதை அப்படியே எழுதினால் நொடிக்குச் சுமார் 124 மெகாபிட் ஆகும். டிஸ்கின் கொள்ளளவோ 4.7 ஜிகாபைட். அதில் இரண்டு மணி நேரம் அடங்க வேண்டும் என்றால் நொடிக்கு 5 மெகாபிட் சொச்சம்தான் செலவு செய்யலாம். அதாவது 24 பங்கில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதி 23-ஐத் தூக்கிப் போட வேண்டும்!

எப்படி முடிகிறது? எம்பெக்-2 என்கிற வித்தை. மேடையில் பின்னால் தொங்கும் 'நல்வரவு' போர்டு அசையாது. அதை ஒரு தடவை எழுதிவிட்டு, 'மறுபடி அதேதான்' என்று குறித்தால் போதும். அசைகிறதை மட்டும் புதிதாக எழுதினால் சரி. ஐயர் மந்திரம் சொல்கிற வரை மெஷினுக்கு ஓய்வுதான்.

அப்புறம் கெட்டிமேளம்!

நூறு கைகள் ஒரே சமயத்தில் உயர்கின்றன. ஆயிரக்கணக்கான அரிசி மணிகள், பூ இதழ்கள் எல்லாம் ஒவ்வொரு திசையில் பறக்கின்றன. வீடியோக்காரரும் சும்மா இராமல் தாலியை நோக்கி ஜூம் போடுகிறார். திரையில் அசையாத இடமே இல்லை. எதையும் 'மறுபடி அதேதான்' என்று தள்ள முடியாது. நல்ல ரிகார்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கும். மட்டமானது கையை விரித்துவிடும்; படம் முழுக்கச் சின்னச் சின்ன சதுரங்கள், பாத்ரூம் டைல்ஸ் ஒட்டினாற்போல. முகங்களைச் சுற்றி கொசு மொய்க்கிற மாதிரி ஒரு நடுக்கம். ரிகார்டரை எடை போட உலகத்தில் எத்தனையோ டெஸ்ட் டிஸ்க் இருக்கலாம். அட்சதைக்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்தது அந்த நான்கு மோடு. எக்ஸ்.பி. என்றால் ஒரு மணி நேரம், எஸ்.பி. இரண்டு, எல்.பி. நான்கு, ஈ.பி. ஆறு. சிலவற்றில் எட்டு மணி நேரம்கூட உண்டு. நம் ஆட்கள் கடைசி எண்ணைப் பார்த்ததும் குஷியாகிவிடுவார்கள்.

எங்கள் தாத்தா கேமரா என்றாலே ஒதுங்குகிற ரகம். 1992-ல் அத்தை கல்யாண கேசட்டில் மட்டும் பதினோரு விநாடி வருகிறார். அட்சதைத் தட்டோடு குறுக்கே நடந்து, யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். அவர் அசைவதைப் பார்க்க எங்கள் குடும்பத்துக்கு வேறு வழி கிடையாது. சித்தப்பா அந்த கேசட்டை 2008-ல் ஒரு கடையில் கொடுத்து டிஸ்க் போட்டார். ஒரே டிஸ்கில் ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, ஆக ஆறு மணி நேரம். "எப்படி அடக்கிட்டான் பாத்தியா!" என்று பெருமை வேறு. போட்டுப் பார்த்தால் தாத்தா முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறேழு சதுரங்கள் நகர்ந்து போகின்றன. மூக்குக் கண்ணாடியை வைத்து அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. "பழைய கேசட்டு சார், அப்படித்தான் இருக்கும்" என்று கடையில் அனுப்பிவிட்டார்களாம்.

கேசட்டை அத்தை தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். போன வருஷம் அதே கேசட்டை எஸ்.பி. மோடில் ஓட்டினேன். தாத்தாவின் ஒரு பக்கத்துக் கன்னம் லேசாக உப்பியிருப்பது தெரிந்தது. பாட்டி நாற்காலியை டி.வி. பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வெத்தலையை அடக்கிக்கிட்டுப் பேசறாரு பாரு, அன்னிக்குக்கூட" என்றாள். நாலு தடவை திருப்பிப் போடச் சொன்னாள்.

ஈ.பி.யில் என்ன நடக்கிறது என்றால், பல மெஷின்கள் 720-க்கு 576 புள்ளியை 352-க்கு 288 ஆக்கிவிடும். நம் டி.வி. படம் நொடிக்கு 50 அரைப் படங்களாக வருவது. அதில் பாதி போய்விடும். அசைவெல்லாம் நொண்டியடிக்கும். ஈ.பி.யை மறந்துவிடுங்கள்.

ஆனால் எல்.பி.யை அவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சில மெஷின்கள் எல்.பி.யிலும் 720 புள்ளியை விடாப்பிடியாக வைத்துக்கொள்ளும். சில, அகலத்தில் மட்டும் 352 ஆகக் குறைத்துக்கொண்டு உயரம் 576-ஐத் தொடாமல் விட்டுவிடும். விளம்பரத்தில் முதல் ரகம்தான் உசத்தி. ஆனால் வி.ஹெச்.எஸ். கேசட்டில் படுக்கை வாட்டில் இருக்கிற விவரமே சுமார் 240 கோடுதான். அகலத்துக்கு 320 புள்ளி கணக்கு. இல்லாத விவரத்துக்கு 720 நாற்காலி போட்டு என்ன பயன்? இடத்தைக் குறைத்துக்கொண்ட மெஷினில் ஒவ்வொரு புள்ளிக்கும் சாப்பாடு கூடுதலாகக் கிடைக்கிறது. படம் சற்று மழுங்கினாலும் சதுரம் தெறிப்பதில்லை. கேசட்டைப் பொறுத்தவரை என் ஓட்டு மழுங்கலுக்குத்தான். மூன்று மணி நேர கேசட் என்றால் எல்.பி.யை விட, எஸ்.பி.யில் இரண்டு டிஸ்காகப் பிரிப்பது இன்னும் மேல். முகூர்த்தம் ஒன்றில், ரிசப்ஷன் ஒன்றில்.

அட்சதைக்குப் பிறகு முகத்தைப் பாருங்கள். பழைய டேப்பில் பொடிப்பொடியாக ஒரு இரைச்சல் எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும். ரிகார்டருக்கு அரிசி எது, இரைச்சல் எது என்று தெரியாது. இரண்டுக்கும் இடத்தைச் செலவழிக்கும். அதனால் சில மெஷின்களில் முதலில் இரைச்சலைத் துடைத்துவிடும் ஏற்பாடு உண்டு. அளவோடு துடைத்தால் நல்லது. அளவு மீறினால் பெரியம்மா கன்னத்துச் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்து மெழுகு பொம்மை ஆக்கிவிடும். ஆரத்தி சுற்றுகிற கைக்குப் பின்னால் இன்னொரு ஆவிக் கை ஓடினால் அந்த வசதியை உடனே அணையுங்கள். அணைக்க வழியே இல்லையா? மெஷினைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

வாழை மரத்தையும் மண்டபத் தூணையும் பார்க்க மறக்காதீர்கள். வயதான டேப்பில் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்னே பின்னே தொடங்கும். தூண் பாம்பு மாதிரி நெளியும், படத்தின் தலை ஒரு பக்கம் சாயும். இதை நிமிர்த்துகிற சக்தி சில ரிகார்டர்களுக்குத் தற்செயலாக வாய்த்திருக்கிறது. பானசானிக்கின் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10, இ.எஸ்.15 இரண்டுக்கும் இந்தப் பெயர் உண்டு. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் இவற்றில் பதிவே செய்யாமல், நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி வைத்துப் படத்தை ஓடவிட்டு நிமிர்த்திக்கொள்கிறார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சிவப்புக் கூறைப்புடவையின் நிறம் மாப்பிள்ளையின் வெள்ளை வேஷ்டி மேல் வழிகிறதே என்று ரிகார்டரைத் திட்டாதீர்கள். வி.ஹெச்.எஸ்.ஸில் நிறத்துக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட் என்றால் நிறம் இன்னும் கீழே இறங்கியிருக்கும். படத்தின் அடியில் கிழிந்த துணி மாதிரி ஒரு பட்டை துடிப்பதும் டேப்பில் எப்போதும் இருந்ததுதான். பழைய 21 இஞ்ச் டி.வி.யில் அது சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. இப்போதைய 55 இஞ்ச் டி.வி. எதையும் மறைப்பதில்லை. போதாததற்கு அதன் 'ஷார்ப்னெஸ்' வேறு ஒவ்வொரு உருவத்துக்கும் வெள்ளை பார்டர் கட்டும். ஒப்பிடும் முன் அதைக் குறைத்து வையுங்கள்.

ஒப்பிடுவது என்றால், கேசட்டை வி.சி.ஆரிலிருந்து நேராக டி.வி.யில் ஒரு தடவை, பதிவான டிஸ்கை ஒரு தடவை, இரண்டிலும் அதே காட்சி, அதே டி.வி. எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. தம்பியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்கியவனுக்கு, தான் வாங்கிய மெஷினில் எப்போதும் படம் நன்றாகவே தெரியும். ஏரியல் ஒயர் வழியாக இணைக்காதீர்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்னே போதும்.

பதிவு முடிந்ததும் 'ஃபைனலைஸ்' பட்டனை அழுத்தாவிட்டால் டிஸ்க் பெரும்பாலும் வேறு மெஷினில் ஓடாது. டிஸ்கின் சாயமும் நாளடைவில் மங்கக்கூடியது. அன்றைக்கே ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள், என் அத்தையைக் கேளுங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் வி.சி.ஆரில் நுழைக்காமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மெஷினின் தலை அடைத்துக்கொண்டால் டேப்பும் போகும், மெஷினும் போகும்.

கடைக்குப் போகும்போது ஒரு காலி டிஸ்க்கும், பூஞ்சை இல்லாத ஒரு கேசட்டும் கையோடு இருக்கட்டும். தாலி கட்டுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி எடுத்துப் போங்கள். கடைக்காரர் காசி யாத்திரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மாமனார் வீட்டு கேசட் மட்டும் வேண்டாம். மெஷின் டேப்பைத் தின்றுவிட்டால் பதில் சொல்ல முடியாது.