புகையிலை இல்லாத பாக்கும் ஆபத்துதான்

"புகையிலையெல்லாம் கிடையாதுங்க டாக்டர், வெறும் வெத்தலை பாக்குதான்." பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. ஆனால், புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியான அறிக்கையில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

கன்னத்துக்குள் நடப்பது

பாக்கின் துவர்ப்புக்குக் காரணம் அதிலுள்ள பாலிஃபீனால்கள். சுண்ணாம்பு சேர்ந்ததும் அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து, சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உமிழ்நீரிலேயே உண்டாக்குகின்றன. இவை செல்லின் சவ்வையும் டிஎன்ஏவையும் சிதைக்கக்கூடியவை. இவற்றை அடக்கும் ஏற்பாடு உடம்பிலேயே உண்டு. ஆனால் மணிக்கணக்கில் பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் அந்த ஏற்பாட்டால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இந்த நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். புகையும் மதுவும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பாக்கில் தாமிரமும் அதிகம். அது கொலாஜன் நார்களை இறுகப் பிணைக்கும் நொதியைத் தூண்டுவதால், மென்மையாக இருக்கவேண்டிய கன்னம் விறைத்துப்போகிறது.

மூன்று விரல் நுழைகிறதா?

முதல் அறிகுறி எரிச்சல். நேற்றுவரை ரசித்துச் சாப்பிட்ட காரக்குழம்பு இன்று நாக்கில் பட்டாலே எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுக்கும். விரலால் தடவினால் கயிறுபோல நார் தட்டுப்படும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். பான் மசாலா பாக்கெட்டைப் பழக்கமாக்கிக்கொண்ட இளைஞர்களுக்கும் இந்த நார் இறுக்கம் வருவது மனதை வருத்துகிறது.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட அரிதான, ஆனால் அதிக ஆபத்தான சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றையும் விட்டுவைக்கக் கூடாது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே பலர் தாமதமாக வருகிறார்கள். சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்தால் நோய் பரவிவிடும் என்ற பயம் வேண்டாம்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரை ஈடாகுமா?

ஆகாது. பின்லாந்தில் 29,000-க்கும் அதிகமான ஆண் புகைபிடிப்போரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. ஆக்சிஜனேற்றத் தடுப்பானான பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. கீரையும் நெல்லிக்காயும் நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பாக்கைத் தொடர்ந்துகொண்டே அவற்றை நம்பக் கூடாது.

பாக்கை நிறுத்தினால் எரிச்சல் தணியும், ஆபத்தும் குறையும். இறுகிய நார் முழுமையாக இளகுவது அரிது. வாயைத் திறக்கும் பயிற்சி, மருந்து, ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் முடிவு செய்வார். பழக்கத்தை விட்டு வருடங்கள் ஆனபிறகும் புற்றுநோய் வரலாம் என்பதால், வாய்ப் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.