விழுந்த ரிலே சொல்லும் சேதி

காவிரிக் கடைமடையில், கடலை ஒட்டிய ஊர் மண்டபத்தூர். ஆற்றுத் தண்ணீர் மேல்மடையை எல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியாகத்தான் இந்தக் காரைக்கால் பக்கம் வந்து சேரும். அது வராத நாட்களில் வயலுக்கு மோட்டார்தான் கதி. மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலே. அது பழுதா, இல்லையா என்று பார்க்கும் விதம் இந்தத் தலைமுறைக்குள் அடியோடு மாறிவிட்டது.

அன்று ஆயில் ஸ்டார்ட்டர். வயர்மேனின் பையில் இரண்டு குண்டு பல்புகளைச் சீரிஸில் கோத்த டெஸ்ட் லாம்ப் இருக்கும். இரண்டிரண்டு பேஸாக வைத்துப் பார்ப்பார். ஒரு பேஸ் வரவில்லையென்றால் கோளாறு ரிலேயில் இல்லை, ஃபியூஸிலோ லைனிலோ என்று தெரிந்துவிடும். மூன்றும் வந்தால் மெயினை அணைத்து மூடியைக் கழற்றுவார். எண்ணெய்க் கிண்ணத்தில் நிற்கும் பிளஞ்சரை விரலால் தூக்கினால் ட்ரிப் ஆக வேண்டும். அழுக்கேறி எண்ணெய் கெட்டியாகியிருந்தால் பிளஞ்சர் மெல்லத்தான் எழும்பும். உப்புக்காற்றில் களிம்பு பிடித்த முனைகளை உப்புத்தாளால் தேய்ப்பார். கண்ணும் விரலும்தான் அவருக்கு மீட்டர்.

இன்று கைக்கடக்கமான தெர்மல் ரிலே. மின்சாரத்தைத் துண்டித்து, கன்ட்ரோல் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 95, 96 எண் முனைகளில் வைத்தால் ‘பீப்’ ஒலிக்க வேண்டும். 97, 98-இல் ஒலிக்கக் கூடாது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இரண்டும் தலைகீழாக வேண்டும். ரீசெட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஒரு நிமிட வேலை. ஆனால் இதில் தெரிவது காண்டாக்ட்டின் நிலை மட்டுமே. மோட்டார் ஓடும்போது கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸின் ஆம்பியரையும் அளந்து, பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டால்தான் சோதனை முழுமையாகும். நேரடி ஸ்டார்ட்டரில் ஓடும் 5 எச்.பி. மோட்டாருக்கு முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர், ரிலே டயலும் அங்கேதான் நிற்க வேண்டும்.

ஆனால் ஒரு கெட்ட பழக்கம் மட்டும் மாறவில்லை. ரிலே அடிக்கடி விழுந்தால், அதாவது ட்ரிப் ஆனால், டயலை ஏற்றி வைப்பது. அதற்கும் கேட்காவிட்டால் ரிலேயைத் தவிர்த்து வயரை நேராகக் கொடுத்துவிடுவது. ஒரு பேஸ் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டு பேஸில் சுமார் 1.7 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு சுற்றும். தடுக்க ரிலே இல்லாவிட்டால் காயில் கருகிவிடும். நாற்று காயும் நேரத்தில் ரீவைண்டிங் கடையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இப்போது செல்போன் ஸ்டார்ட்டரும் வந்துவிட்டது. எந்தப் பேஸ் போனது என்று வீட்டுக்கே செய்தி வருகிறது. எந்தக் கருவி வந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: ரிலே விழுந்தால் பெரும்பாலும் அது தன் கடமையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். டயலில் கை வைக்கும் முன் மூன்று பேஸையும் அளந்து பாருங்கள். ரிலேயை மட்டும் ஒருபோதும் நேராக்காதீர்கள்.