எட்ட நிற்கும் புரதம், எதிர்த்து நிற்கும் கிருமி

செல்லின் புரதத் தொழிற்சாலையில் முக்கிய வேலை ஆர்.என்.ஏ.வுடையது. ஆனால் காசநோய்க் கிருமியிடம் மருந்து பலிக்குமா பலிக்காதா என்பதில் சிறு புரதங்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

தன்னைக் கொல்ல வேண்டிய மருந்தையே உணவு மாதிரி கேட்கும் கிருமிகள் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் 1944-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆராய்ச்சிக்கூடங்களில் இந்த விசித்திரம் தென்பட்டது. மருந்தைத் தாங்கிக்கொண்டு வளரும் பாக்டீரியாக்கள் ஒருபுறம். மருந்து கிடைக்காவிட்டால் வளரவே முடியாத பாக்டீரியாக்கள் மறுபுறம். இரண்டுக்கும் முக்கியக் காரணம் ஒன்றுதான் என்பது பிற்பாடு தெரியவந்தது. எஸ் 12 என்ற குட்டிப் புரதத்தில் ஏற்படும் மாற்றமே அது. சுமார் 124 அமினோ அமிலங்களால் ஆன இந்தப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் போதும்.

எஸ் 12 குடியிருக்கும் இடம் ரிபோசோம். உடலுக்கு வேண்டிய புரதங்கள் எல்லாம் செல்லுக்குள் தயாராகும் இடம் இதுதான். மரபணுவிலிருந்து நகலெடுத்து வரும் தூது ஆர்.என்.ஏ.வை ரிபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தை இன்னொரு வகை ஆர்.என்.ஏ. சுமந்து வருகிறது. வந்த சரக்கு சரியானதுதானா என்று பார்த்து, சங்கிலியில் கோத்துவிட்டு, ரிபோசோம் அடுத்த எழுத்துகளுக்கு நகர்கிறது. பாக்டீரியாவில் இந்த வேலை விநாடிக்கு 20 அமினோ அமிலங்கள் வரை நடக்கிறது. அந்த வேகத்திலும் சில ஆயிரம் முறைக்கு ஒரு தவறுதான் நேர்கிறது.

ரிபோசோமுக்கு இரண்டு பாகங்கள். சிறிய பாகம் செய்தியைப் படிக்கிறது. பெரிய பாகம் அமினோ அமிலங்களைக் கோக்கிறது. பாக்டீரியாவின் ரிபோசோமில் 3 ஆர்.என்.ஏ. இழைகளும் 50-க்கு மேற்பட்ட புரதங்களும் இருக்கின்றன. மனிதனுடையதில் 4 இழைகளும் 80 புரதங்களும். சிறிய பாகத்துப் புரதங்களுக்கு 'எஸ்' என்றும் பெரிய பாகத்துப் புரதங்களுக்கு 'எல்' என்றும் தொடங்கும் பெயர்களை விஞ்ஞானிகள் சூட்டியிருக்கிறார்கள்.

இத்தனை புரதங்கள் இருந்தால் கோக்கும் வேலையை அவைதான் செய்கின்றன என்று எண்ணுவது இயல்பு. நீண்ட காலம் அப்படித்தான் எண்ணினார்கள். 1992-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் ஹாரி நோலர் குழுவினர் ரிபோசோமின் புரதங்களில் பெரும்பகுதியை அழித்துப் பார்த்தார்கள். அப்போதும் கோக்கும் திறன் எஞ்சியிருந்தது. 2000-ல் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழுவினர் சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ரிபோசோம் பெரிய பாகத்தை அணு அளவில் படம் பிடித்தார்கள். அமினோ அமிலங்கள் இணையும் இடத்தைச் சுற்றி ஆர்.என்.ஏ. மட்டுமே இருந்தது. புரதங்கள் எல்லாம் எட்ட நின்றன.

அப்படியானால் புரதங்களுக்கு என்ன வேலை? பதிலின் ஒரு பகுதி அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முன்பே கிடைத்திருந்தது. மசயாசு நொமுரா குழுவினர் 1968-ல் பாக்டீரியா ரிபோசோமின் சிறிய பாகத்தை முழுவதுமாகக் கழற்றி, ஆர்.என்.ஏ.வையும் புரதங்களையும் மறுபடி ஒரு சோதனைக் குழாயில் கலந்தார்கள். அவை தாமாகவே ஒன்றுசேர்ந்து வேலை செய்யத் தொடங்கின. ஒரு புரதத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும், மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று இனி ஒவ்வொன்றாகச் சோதிக்க முடிந்தது. மருந்துக்கு மடியும் பாக்டீரியாவின் பாகங்களோடு, மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவின் ஒரே ஒரு புரதத்தைச் சேர்த்தார்கள். முழு ரிபோசோமும் மருந்தை எதிர்த்தது. 1969-ல் வெளியான இந்த ஆய்வில் சிக்கிய புரதம்தான் எஸ் 12.

அது எப்படி எதிர்க்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க மேலும் 31 ஆண்டுகள் ஆயின. பார்த்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்து, பரோடாவில் படித்து, அமெரிக்காவில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற பிறகு உயிரியலுக்கு மாறியவர். 1992-ல் எஸ் 5 புரதத்தின் வடிவத்தை ஸ்டீபன் ஒயிட்டுடன் சேர்ந்து வெளியிட்டவரும் அவரே. 2000-ல் கேம்பிரிட்ஜில் அவரது குழு சிறிய பாகம் முழுவதையும், அதில் ஸ்ட்ரெப்டோமைசின் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையையும் படம் பிடித்தது. இந்த ரிபோசோம் ஆராய்ச்சிக்காக ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், இஸ்ரேலின் அடா யோனத் மூவரும் 2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

படம் சொன்ன கதை இது: ஸ்ட்ரெப்டோமைசின் ஆர்.என்.ஏ.வைப் பல இடங்களில் பற்றிக்கொள்கிறது. கூடவே எஸ் 12-ஐயும் தொடுகிறது. அதன் விளைவாக ரிபோசோமின் சரிபார்ப்பு தளர்ந்துபோகிறது. தவறான அமினோ அமிலங்களும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. எஸ் 12 மாறிவிட்டால் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. சில மாற்றங்கள் சரிபார்ப்பையே அளவுக்கு மீறிக் கடுமையாக்கிவிடுகின்றன. தவறு குறைகிறது, ஆனால் வேலை இழுபறியாகிறது. இந்தக் கடுமையைத் தளர்த்த ஸ்ட்ரெப்டோமைசின் தேவைப்படுகிறது. மருந்தில்லாமல் வாழ முடியாத பாக்டீரியாவின் ரகசியம் அதுதான். எஸ் 4, எஸ் 5 புரதங்களில் வரும் சில மாற்றங்களோ நேர் எதிரானவை. அவை தவறுகளைப் பெருக்குகின்றன. கோக்கும் வேலை ஆர்.என்.ஏ.வுடையது என்றாலும், அதன் கறார்த்தனத்தை நிர்ணயிப்பதில் இந்தப் புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தியாவுக்கு இது வெறும் ஆராய்ச்சிக்கூடச் சமாசாரம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலகின் காசநோயாளிகளில் 26 சதவிகிதம் பேர் இந்தியாவில் இருந்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோயை அடக்கிய முதல் மருந்து. 1948-ல் வெளியான பிரிட்டிஷ் பரிசோதனையிலேயே அதன் பலவீனமும் தெரிந்துவிட்டது. முதல் சில மாதங்களில் தேறிய நோயாளிகள் பலரின் கிருமிகள் மருந்தை எதிர்க்கத் தொடங்கின. எஸ் 12-ன் 43-வது இடத்தில் லைசின் போய் ஆர்ஜினின் வருவதுதான் காசநோய்க் கிருமியில் அடிக்கடி காணப்படும் மாற்றம். ஒருமுறை சிகிச்சை பெற்று மீண்டும் நோய்வாய்ப்பட்டவர்களுக்கு இந்த ஊசியைச் சேர்த்துத் தரும் முறை நெடுநாள் வழக்கில் இருந்தது. அதை இனிக் கைக்கொள்ள வேண்டாம் என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனம் கூறிவிட்டது.

இன்று களத்தில் இருப்பது வேறு மருந்துகள். அவற்றில் ஒன்று குறி வைப்பது அதே ரிபோசோமை. பல மருந்துகளுக்கும் மசியாத காசநோய்க்கு பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. பழைய சிகிச்சை 20 மாதம் வரை நீண்டது. இந்த நான்கில் லினசோலிட், ரிபோசோமின் பெரிய பாகத்தில் அமினோ அமிலங்கள் கோக்கப்படும் இடத்தில்போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே புரதம் இல்லை. ஆனால் எல் 3 என்ற புரதத்தின் கை ஒன்று அந்த இடத்தை நோக்கி நீண்டிருக்கிறது. அதன் 154-வது இடத்தில் சிஸ்டீன் போய் ஆர்ஜினின் வந்தால் லினசோலிடின் ஆட்டம் குறைந்துவிடுகிறது. ஆர்.என்.ஏ.வில் நேரும் மாற்றங்களும் இதே விளைவைத் தரலாம்.

கிருமியின் மரபணுவில் எந்த மாற்றம் எந்த மருந்தை முறியடிக்கும் என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்டு, 2023-ல் விரிவாக்கியது. எஸ் 12, எல் 3 புரதங்களின் மரபணுக்கள் இரண்டும் அதில் உண்டு. ஆனால் இந்திய ஆஸ்பத்திரிகளில் பரவலாக உள்ள விரைவுச் சோதனைகள் முதலில் தேடுவது ரிஃபாம்பிசின் எதிர்ப்பைத்தான். லினசோலிட் எதிர்ப்பைக் கண்டறிய கிருமியை வாரக்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது அதன் மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அந்த வசதி எல்லா ஊர்களுக்கும் எட்டும்வரை, புதிய மருந்துகளைக் காப்பாற்றும் பொறுப்பு பழைய விதியின் மேல்தான் விழுகிறது: ஒரே மருந்தை மட்டும் தரக் கூடாது, தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது. கிருமிக்கு ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்தாலே போதும்.