உப்பிட்ட சாலைகளும் மோட்டார் வண்டிகளின் வர்ணப்பூச்சும்

ஊறுகாயையும் கருவாட்டையும் கெடாமல் காக்கும் உப்பு, எஃகைப் பொறுத்தவரை நேர்மாறான தொழிலைச் செய்கிறது. ஐரோப்பாவின் வட பகுதிகளிலும், கனடாவிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களிலும் குளிர்காலம் கழிந்ததும் மோட்டார் வண்டிகளின் கதவு விளிம்புகளிலும் சக்கர வளைவுகளிலும் வர்ணம் கொப்புளித்து நிற்பதைக் காணலாம். கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே செந்நிறத் துரு உதிரும். இக்கேட்டிற்குப் பனியைவிடப் பனியை அகற்றச் சாலையில் தூவப்படும் உப்பே பெரிதும் காரணமாகும்.

பனிக்கட்டியுடன் உப்பைக் கலந்தால் அது 0 டிகிரிக்குக் கீழும் நீராகவே இருக்கும். குல்பி விற்போர் பானையில் பனிக்கட்டியோடு கல்லுப்பை இடுவது இத்தத்துவத்தைக் கொண்டே. சாதாரண உப்புக் கரைசல், 100 பங்கில் சுமார் 23 பங்கு உப்பு இருக்கும் நிலையில், -21 டிகிரி சென்டிகிரேடு வரை உறைவதில்லை. ஆனால் சாலையில் இத்துணைப் பயன் கிட்டாது. -1 டிகிரியில் ஒரு கிலோ உப்பு ஏறத்தாழ 50 கிலோ பனிக்கட்டியைக் கரைக்க வல்லது. -9 டிகிரியிலோ ஆறு அல்லது ஏழு கிலோவிற்கு மேல் கரைக்க இயலாது. அதனினும் கடுங்குளிர் நிலவும் இடங்களில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவற்றைச் சேர்க்கின்றனர். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டில் நியூஹாம்ஷயர் மாநிலம் சோதனையாகத் தொடங்கிய இம்முறை, இன்று அந்நாடு முழுவதும் ஆண்டிற்குச் சுமார் 2 கோடி டன் உப்பைச் சாலைகளில் கொட்டும் அளவிற்கு வளர்ந்துள்ளது. வழுக்கும் சாலையில் உயிர்கள் மடிவதைத் தடுப்பதால் அதனைக் கைவிடச் சொல்வோர் சிலரே.

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும். துருப்பிடித்தல் என்பது ஒரு மின்கலத்தின் தொழிலுக்கு நிகரானது. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அயனிகளாகக் கரைந்து எலெக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. அவை உலோகத்தின் வழியே மற்றோரிடம் சென்று, அங்குப் பிராணவாயுவும் நீரும் சேர்ந்து காரமாக மாறத் துணைபுரிகின்றன. இவ்விரு இடங்களுக்கும் இடையே நீரில் அயனிகள் நடமாட வேண்டும். தூய நீரில் அந்நடமாட்டம் மந்தம். உப்பு நீரில் விரைவு. அன்றியும், இரும்பின் மேல் இயல்பாக உண்டாகும் மெல்லிய காப்புப் படலத்தைக் குளோரைடு அயனி துளைத்துவிடும். உப்பு தான் செலவாகாமலேயே வேலையை நடத்திக்கொண்டிருப்பதால், சிறிதளவு எஞ்சியிருந்தாலும் தீங்கு தொடரும்.

கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவான்ஸ் இதனை ஒரு துளி நீரில் காட்டினார். ஆசிரியர்கள் இப்பரிசோதனையை வகுப்பில் எளிதாகச் செய்யலாம். உப்புத்தாளால் நன்கு தேய்த்த எஃகுத் தகட்டில் ஒரு துளி உப்புக் கரைசலை வைத்து, அதில் சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபினால்ஃப்தலீனும் கலக்க வேண்டும். சில நிமிடங்களில் துளியின் நடுவே நீல நிறமும், ஓரத்தில் இளஞ்சிவப்பும் தோன்றும். நீலம், இரும்பு கரையும் இடம். சிவப்பு, காரம் உண்டாகும் இடம். ஓரத்திற்குக் காற்றிலுள்ள பிராணவாயு எளிதில் எட்டுகிறது, நடுவிற்கு எட்டுவதில்லை. ஆகவே பிராணவாயு குறைந்த இடமே அரிக்கப்படுகிறது என்னும் வியப்பான உண்மை மாணவர்க்கு விளங்கும். சேறு அப்பிய மூலைகளில் துரு மிகுவதன் காரணமும் இதுவே.

காரத்தை மறந்துவிடலாகாது, வர்ணப்பூச்சின் அழிவு அதிலிருந்தே தொடங்குகிறது. வண்டியின் வெளிப்புறப் பூச்சு முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல்; எழுதும் தாளின் கனமே. முன்செல்லும் வண்டியின் சக்கரம் தெறித்த ஒரு கல் அதனை எஃகு வரை துளைக்கப் போதும். துளையின் வாயில் இரும்பு கரைய, அதனைச் சூழ்ந்த வர்ணத்தின் விளிம்பிற்கு அடியில் காரம் சேர்ந்து, பூச்சிற்கும் உலோகத்திற்கும் உள்ள பிடிப்பை நெகிழ்விக்கிறது. நெகிழ்ந்த இடத்தில் உப்பு நீர் புகும். துரு இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் பூச்சை மேலே தள்ளும். கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது, தெரியாத அழிவு அதனினும் அகன்றிருக்கும்.

1970களின் பிற்பகுதி முதல் வண்டி செய்வோர் இதற்குப் பல தடைகளை இட்டுள்ளனர். எஃகுத் தகட்டிற்குத் துத்தநாக முலாம் பூசுகின்றனர். கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் தன்னைத் தந்து இரும்பைக் காக்கும். அதன்மேல் பாஸ்பேட் படலம். பின்னர் வண்டியின் கூட்டை முழுவதும் தொட்டியில் அமிழ்த்தி மின்னோட்டத்தால் படிய வைக்கும் அடிப்பூச்சு. அதற்கும் மேலேதான் நிறமும் பளபளப்பும். எனினும் மடிந்த ஓரங்களும், அடித்தகட்டின் பொருத்துகளும் இன்றும் பலவீனமான இடங்களே.

குளிர்நாட்டு வண்டிக்காரர் செய்ய வேண்டுவன பெரும்பாலும் பனிக்காலம் தொடங்குமுன் செய்ய வேண்டியவை. கல் பட்ட தழும்புகளைத் துருநீக்கி, உலர்த்தி, அடிப்பூச்சும் வர்ணமும் இட்டு மூடுதல் முதல் வேலை. தழும்பின் மேல் நேராக மெழுகைப் பூசுவது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். அதன் பின்னரே மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு பன்னெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. செயற்கைப் பூச்சுகள் அதனினும் நெடுநாள் நிற்கும். எதுவாயினும் நீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டோடச் செய்வதே அதன் பணி. கல்லடியை அது தடுக்காது.

காலம் தொடங்கியபின் கழுவுதலே தலையாய காப்பு. உப்பு நீரில் கரையும். நிறைந்த நீரே அதற்கு மருந்து. சோடா மாவு கலந்த நீர் உப்பை முறிக்கும் என்று சிலர் கூறுவது பொருந்தாது; குளோரைடு அமிலமன்று, முறிப்பதற்கு. வெப்பநிலை உறைநிலைக்கு மேல் ஏறும் நாளைத் தேர்ந்து, கண்ணில் படும் மேற்புறத்தைவிடச் சக்கர வளைவுகளையும் அடிப்பாகத்தையும் மிகுதியாகக் கழுவுதல் வேண்டும். கதவுகளின் அடியிலுள்ள வடிதுளைகள் அடைபடாதிருக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். பனியை மண்வெட்டியால் சுரண்டுவதும், உறைந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றுவதும் தீது.

வெப்பமூட்டிய கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் அது நலமாயிருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. கழுவாத வண்டிக்கு அது கேடே. வெளியே கடுங்குளிரில் வேதிவினை மந்தமாக நடக்கும். உள்ளே அப்பிய உப்புச் சேறு உருகி, வெதுவெதுப்பில் வினை விரையும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் தானே ஈரத்தை உறிஞ்சிக் கசியும். கால்சியம், மக்னீசியம் குளோரைடுகளுக்கோ நூற்றுக்கு 30 முதல் 35 போதும். அவை படிந்த தகடு உலர்வதே அரிது.

வண்டிகள் சுமந்து வரும் உப்பு வண்டியோடு நிற்பதில்லை. கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்து எலியட் லேக் நகரில் 1980இல் திறக்கப்பட்ட ஓர் அங்காடிக் கட்டிடத்தின் கூரைமேல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. கூரை பல்லாண்டு ஒழுகிற்று. குளோரைடு கலந்த அந்நீர் எஃகுத் தூலத்தின் இணைப்பொன்றை அரித்துவிட, 2012 ஜூன் 23 அன்று கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து இருவர் மாண்டனர்.

நம் நாட்டில் பெரும்பாலான சாலைகளில் உப்புத் தூவும் தேவையில்லை. ஆனால் கடற்கரை ஊர்களில் அலையும் காற்றும் அவ்வேலையைச் செய்கின்றன. இரவுதோறும் ஈரப்பதம் 75ஐத் தாண்டும் இடங்களில் தகட்டின் மேலுள்ள உப்பு நாள்தோறும் நனைந்து உலர்ந்து நனைகிறது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் துருவின் காரணமாக 2022 டிசம்பரில் போக்குவரத்திற்கு மூடப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிமானத்தை ஆராய்ந்து வந்துள்ளதும் இடம் அறிந்தேயாம்.

பள்ளியில் இதன் சிறுவடிவத்தைக் காட்ட, எனாமல் பூசிய இரண்டு தகர மூடிகள் போதும். இரண்டிலும் ஆணியால் பெருக்கல் குறி கீறி, ஒன்றை நாள்தோறும் நல்ல நீராலும், மற்றொன்றை உப்பு நீராலும் நனைத்து வர வேண்டும். இரண்டு வாரத்தில் கத்தி முனையால் பூச்சை உரித்து, கீறலிலிருந்து துரு எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை அளவுகோலால் அளந்து குறிக்கலாம். வர்ணத் தொழிற்சாலைகளின் சோதனைச் சாலைகளிலும் ஏறத்தாழ இவ்வாறே அளக்கின்றனர்.

கடலோரத்தில் பணிபுரியும் அலுவலர் தம் ஜீப்பு வண்டிகளைப் பொறுத்து ஒன்று கவனிக்கத் தக்கது. ஈர மணலில் சென்று திரும்பிய அன்றே அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவ வேண்டும். மறுநாள் என்று விடுவது ஓர் இரவு முழுவதும் மின்கலத்தை நடத்துவதாகும். உள்ளே விரித்த விரிப்புகளை எடுத்து உலர்த்துதல் வேண்டும். தரைத்தகடு மேலிருந்து துருப்பிடிப்பதும் உண்டு. கழுவிய வண்டியைத் தார்ப்பாயால் இறுக மூடலாகாது. ஈரம் உள்ளே தங்குவதோடு, காற்றில் ஆடும் பாயின் அடியிலுள்ள மணல் வர்ணத்தைத் தேய்த்துவிடும். ஓலைக் கூரையாயினும், காற்று உலவும் கொட்டகையே மேல்.