தோள்கள் ஏறிய மலை

மதுரை மக்களுக்குக் கோடைக்கானல் இன்று அண்டை வீடு போன்றது. காலையில் பேருந்து ஏறினால், வத்தலக்குண்டு வழியாக நண்பகலுக்குள் ஏரிக்கரையை அடைந்துவிடலாம். ஆனால் இவ்வசதி வந்து நூறாண்டுகளுக்குச் சற்றே மேலாகிறது. 1916ஆம் ஆண்டு வாக்கில் மோட்டார் வண்டிகள் மலைச்சாலையில் ஓடத் தொடங்கும் வரையில், மலையேறியோர் நடந்தோ, மட்டக் குதிரையிலோ, பிறர் சுமந்த டோலியிலோதான் ஏறினர். அந்தப் பழைய வழிகளுள் ஒன்றில் இன்றும் முதுகில் மூட்டையுடன் இளைஞர் நடக்கின்றனர். அதுவே கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல் செல்லும் பாதை.

பாதையின் வரலாறு

1821ஆம் ஆண்டு பழனிமலையை அளக்க வந்த வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி, வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்தே மேலே ஏறினார். கோடைக்கானல் நகரம் தோன்றுமுன்பே இருந்த சிற்றூர் அது. மதுரையின் வெப்பத்தாலும் கொள்ளைநோயாலும் உயிரிழப்புக்குள்ளான அமெரிக்க மறைப்பணியாளர், 1845ஆம் ஆண்டில் மலைமேல் முதல் இரு வீடுகளைக் கட்டினர். அவர்களை அடுத்து இயேசு சபைக் குருக்களும் வந்தனர். உடல்நலம் தேடி வந்த லூயி சேன் சீர் அடிகளாரின் முயற்சியால் எழுந்த சலேத் மாதா ஆலயம் 1866ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்டது. பிரான்சு நாட்டு மலையொன்றில், 1846ஆம் ஆண்டு மாடு மேய்த்த இரு சிறுவர்க்கு அன்னை கண்ணீருடன் காட்சியளித்ததன் நினைவாக எழுந்த ஆலயம் அது. ஆகஸ்டு மாதத் திருவிழாவுக்கு நம் குடும்பங்கள் இன்றும் அங்குக் கூடுகின்றன.

1875ஆம் ஆண்டில் மதுரைக்கு இரயில் வந்தபின், பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கினர். இரவெல்லாம் மாட்டுவண்டியில் சென்று, பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 12 மைல் மலையேறினர். அவ்வழிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே ‘கூலி காட்’. சுமந்தவர்களால் பெயர் பெற்ற பாதை அது. ஆயினும் சுமந்தவருள் ஒருவர் பெயரேனும் நம் நினைவில் இல்லை.

ஒரு நாள் நடை

கும்பக்கரை அருவிப் பக்கமிருந்து விடியற்காலையில் புறப்படுவதே முறை. மாந்தோப்புகள் முடிந்ததும் வறண்ட முட்காடு தொடங்கும். நிழல் குறைவு, ஏற்றமோ கடுமை. முதல் இரண்டு மணி நேரத்திலேயே ஒருவன் தன் மூட்டையில் வேண்டாதவை எவையென அறிந்துகொள்வான். வீட்டில் இன்றியமையாததாகத் தோன்றிய பொருள், செங்குத்தான பாறைப்படியில் வெறும் கனமாகிவிடும்.

மேலே செல்லச் செல்லக் காற்று மாறுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பர். அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏற்றம் 1,800 மீட்டர் அளவினது. ஆகவே வியர்த்துப் புறப்பட்டவன் மாலையில் போர்வை தேடுகிறான். முட்காடு போய், காப்பித் தோட்டமும், மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் வருகின்றன. அங்கே வெள்ளகவி.

அவ்வூரில் காலணி அணிந்து நடத்தல் வழக்கமன்று. ஊரெங்கும் கோவில்கள் இருத்தலால் ஊர் முழுவதையும் புனித இடமாக அம்மக்கள் மதிக்கின்றனர். வருவோரும் காலணியைக் கையில் எடுத்துக்கொள்வதே பண்பு. நாடு விடுதலை பெற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்தும் வண்டிச்சாலை காணாதிருந்த ஊர் அது. விளைந்த காப்பியும் எலுமிச்சையும் குதிரை முதுகில் சந்தைக்குச் சென்றன. நோயுற்றவரையும் பேறுகால வேதனையுற்ற பெண்ணையும் டோலி கட்டித் தோளில் சுமந்தனர். நாம் ஒருநாள் விரும்பி நடக்கும் பாதை, அவர்களுக்கு மருத்துவமனைக்குச் செல்லும் வழி.

வெள்ளகவிக்கு மேல் சோலைக்காடும், மழைக்காலமாயின் அட்டையும் உண்டு. மாலை மங்குமுன் வட்டக்கானல் சேர்ந்துவிட வேண்டும்.

பெற்றோர்க்கும் இளைஞர்க்கும்

மலை விளையாட்டுத் திடலன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், இதே தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தனர். ஆதலின் வனத்துறையின் அனுமதியும், பாதையறிந்த உள்ளூர் வழிகாட்டியும் இன்றிப் புறப்படலாகாது. புல் காய்ந்த கோடைத் தொடக்கத்தைத் தவிர்ப்பது நலம். பங்கு இளைஞர் குழு செல்வதாயின், குழுவில் மெதுவாக நடப்பவரே முன்னே செல்லட்டும். அவர் கால்வேகமே அனைவரின் வேகமாகட்டும். தண்ணீர், புளிச்சோறு, மழையாடை, ஒரு போர்வை, சிறு மருந்துப்பெட்டி ஆகியவை போதும். கொண்டுசென்ற தாளும் நெகிழிப்பையும் திரும்பி வரட்டும்.

வழிகாட்டிக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்; அவரைத் தம்முடன் உண்ண அழையுங்கள்; பெயர் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சலேத் மாதா ஆலயம் எழுந்த நாளில் மலைமீது வண்டிச்சாலை இல்லை. கீழிருந்து வந்தவை யாவும் மனிதர் தோளிலும் விலங்கின் முதுகிலுமே வந்திருக்க வேண்டும். சிரேன் ஊர்ச் சீமோனைச் சிலுவைப்பாதைதோறும் பெயர் சொல்லி நினைக்கிறோம். இம்மலையின் சீமோன்களுக்கோ பெயர் இல்லை. அடுத்தமுறை அந்த ஆலயத்தில் முழந்தாளிடும்போது, அவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சொல்வோம். அவர்களின் வழித்தோன்றல்களாக இன்றும் அம்மலைச்சரிவில் வாழ்வோரைக் கண்டால், அவர்க்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். ஏனெனில் அவர்கள் தோளில் இருக்கும் சுமை நம்முடையதைவிடக் கனமானது.